கைப்பிடியில் ஒரு துண்டு

அந்தச் சொல் அவளுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் லிஃப்டைப் பழுது பார்ப்பவன் அவள் கணவன்தான். கம்பெனி அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்த கட்டடங்களில் அதுவும் ஒன்று. அன்று பிற்பகல் அவன் மேல்தளத்தில் பிரேக்கைச் சரிசெய்துவிட்டுக் கை நிறைய கிரீஸோடு இறங்கி வந்தபோது, வாசல் காவலாளி அவனை ஓரமாகக் கூப்பிட்டுத் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். அவர் பாதி டீ கொடுத்தால் ஏதோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டம்மா மேல கம்ப்ளைண்ட் வந்திருக்கு. இங்க தங்கியிருக்காரே ரேடியோக்காரர், அவரோட பொண்ணு மேனேஜர் ரூம்ல ஒரே கத்தல். இன்அப்ரோப்ரியேட்டா நடந்துக்கிட்டாங்களாம்."

"யாரு? யார்கிட்ட?"

"ரேடியோக்காரர்கிட்டதான். பாத்ரூம்ல." சொல்லிவிட்டுக் காவலாளி வானத்தைப் பார்த்தார். "மழை வரும் போல இருக்கு."

அவன் மீதி டீயைக் குடிக்கவில்லை. அடுத்த கட்டடத்துக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வண்டியை விட்டான்.

அவள் பஸ்ஸில் வந்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. "உன் நடத்தை இன்அப்ரோப்ரியேட்டா இருந்திருக்கு. இப்ப வீட்டுக்குப் போ. காலையில வா, பேசிக்கலாம்" என்று மேனேஜர் தாழ்வாரத்தில் நின்றே சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சொல்லை மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வாயாடி என்று சொல்லியிருந்தால் ஆமாம் என்றிருப்பாள். அடக்கமில்லை என்றால், எதில் அடக்கமில்லை என்று சண்டைக்குப் போயிருப்பாள். வெட்கங்கெட்டவள் என்றால்கூட அதில் ஒரு கோபம் இருக்கிறது, ஒரு முகம் இருக்கிறது, பதிலுக்கு முறைக்கலாம். இந்தச் சொல் குமிழ் கழன்றுபோன பாத்திர மூடி மாதிரி இருந்தது. எங்கே பிடித்துத் திறப்பது என்று தெரியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவரவர் விருப்பத்துக்கு நினைத்துக்கொள்ளலாம்.

மழை பிடித்துக்கொண்டது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில்தான் அவர்கள் வீடு. "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டறவன் வீட்டுக்கு மாடிப்படி" என்று மேல்மாடியில் குடியிருக்கும் நாத்தனார் மூச்சு வாங்கும்போதெல்லாம் தம்பியைக் கிண்டல் செய்வாள். நனைந்த செருப்போடு அவள் படியேறி வந்தபோது கணவனின் பூட்ஸ் வாசலில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடந்தன. எப்போதும் அவளுக்குப் பிறகு வருகிறவன் அவன். விஷயம் வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்குள் கொடியில் காயாத துணிகள். ஈர வாடை. கணவன் நாற்காலியில் உட்கார்ந்து நகக்கண்ணில் ஏறிய கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தான். கல்லூரியிலிருந்து வந்த மகள் சுவரோரம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிற மாதிரி இருந்தாள்.

அவள் முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, அரிசியைக் களைந்து போட்டாள். வெங்காயத்தை எடுத்து அரிய ஆரம்பித்தாள். யாராவது ஒருவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"வாட்ச்மேன் சொன்னாரு" என்றான்.

"அவர் சொல்லாம இருந்தாத்தான் அதிசயம்."

"இன்அப்ரோப்ரியேட்னா என்ன?"

"என்னைக் கேட்டா? சொன்னவங்களக் கேளுங்க."

"நான் உன்னத்தான் கேக்கறேன்."

மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "பொருத்தமில்லாத, தகாத. அப்படித்தான் போட்டிருக்கு."

"தகாத" என்று அவன் திரும்பச் சொன்னான். அவன் அந்தச் சொல்லைப் படிப்பது செய்தித்தாளில் மட்டும்தான். அங்கே அதற்குப் பின்னால் வேறொரு சொல் எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த இரண்டாவது சொல்லை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அது அறைக்குள் வந்து, காயாத துணிகளுக்கு நடுவே தொங்கியது.

"அப்பா, அப்படியெல்லாம் இல்லப்பா" என்றாள் மகள். "எங்க காலேஜ்ல எதுக்கெடுத்தாலும் அதான். கிளாஸ்ல போன் அடிச்சா இன்அப்ரோப்ரியேட். கிழிஞ்ச பேண்ட் போட்டுட்டு வந்தா இன்அப்ரோப்ரியேட்."

"வேற எதுக்குச் சொல்வாங்க?"

மகள் தயங்கினாள். "போன வருஷம் ஒரு சார் ஒரு பொண்ணுகிட்ட தப்பா நடந்துக்கிட்டாரு. வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. நோட்டீஸ்ல அதுக்கும் இதே வார்த்தைதான் போட்டாங்க."

"பாத்தியா?" என்று அவன் மனைவியைப் பார்த்தான்.

வெங்காயம் அரிந்த கையாலேயே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எரிச்சல் அதிகமானது. "உங்களுக்கும் ஒரு தடவை சொன்னாங்கல்ல? நீங்களே வந்து சிரிச்சிக்கிட்டே சொன்னீங்க. செருப்புப் போட்டுக்கிட்டு லிஃப்ட் குழிக்குள்ள இறங்கினீங்கன்னு உங்க சேஃப்டி ஆபிசர் எழுதினாரே, என்ன எழுதினாரு?"

அவன் கிரீஸ் துணியை மறு கைக்கு மாற்றினான்.

"இன்அப்ரோப்ரியேட் செருப்பு" என்று மகள் மெல்லச் சொன்னாள். அவளுக்கு அது நினைவிருந்தது. அன்று முழுக்க மூவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"செருப்புக்குச் சொன்னா சிரிப்பு வருது" என்றாள் அவள். "பொண்டாட்டிக்குச் சொன்னா மட்டும் வேற அர்த்தம் வந்துடுதா?"

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். "நீ அங்க என்ன பண்ணே, அதச் சொல்லு."

"குளிப்பாட்டினேன்."

"அது தெரியும்."

"சிரிச்சோம்."

"எதுக்கு?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அது சொல்ல முடியாது."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே உறைத்தது. ஆனாலும் அவள் அதை மாற்றவில்லை.

அந்த இல்லத்தின் குளியலறைகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உடனே திறக்க வேண்டும் என்பதற்காகக் கட்டும்போதே வைக்காமல் விட்டார்கள். அதனால் குளிப்பாட்டும் பெண்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. வெளியே கைப்பிடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் உள்ளே ஒருவர் உடம்பில் துணியில்லாமல் இருக்கிறார் என்று பொருள். டாக்டரே வந்தாலும் நின்றுவிட்டுப் போவார். அந்தத் துண்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. உள்ளே பேசியது உள்ளேயே இருக்கும். தண்ணீரோடு போய்விடும்.

ஒரு மனிதர் முதல்முறையாக இன்னொருவர் கையால் குளிக்கும் நாளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள். அவள் முழங்கையில் தண்ணீரைத் தொட்டுச் சூடு பார்ப்பாள். பாதத்திலிருந்து ஆரம்பிப்பாள். எடுத்தவுடன் தலையில் ஊற்றினால் பயந்துவிடுவார்கள். ஒரு பக்கம் கழுவும்போது மறுபக்கத்தைத் துண்டால் மூடி வைப்பாள். முழு உடம்பும் ஒரே நேரத்தில் வெளியே தெரிய விடமாட்டாள். அவ்வளவு செய்தாலும் ஒரு நாள் வரும். உடம்பு தன் இஷ்டத்துக்கு ஏதாவது செய்துவிடும். காற்றுப் பிரியும், நனைந்துவிடும், வேறு ஏதாவது. அந்த நொடியில் அந்த மனிதர் நொறுங்கிப் போகலாம். இல்லாவிட்டால் சிரித்துவிடலாம். அவள் முதலில் சிரிக்கமாட்டாள். அவர்கள் சிரிக்கட்டும் என்று சோப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டிருப்பாள். சிலர் மாதக்கணக்கில் சிரிப்பதில்லை. சிரித்துவிட்டால் அதன் பிறகு சுவரைப் பார்க்கமாட்டார்கள்.

ரேடியோக்காரர் வெகுகாலம் சுவரைப் பார்த்தவர். வேலை பார்த்த காலமெல்லாம் வானொலியில் செய்தி வாசித்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போனபோது, எந்தச் சொற்களை வாழ்நாளில் அதிகம் சொன்னாரோ அவை மட்டும் எப்படியோ தங்கிவிட்டன. காபி வேண்டுமானால் "வணக்கம்" என்பார். கோபம் வந்தால் "தலைப்புச் செய்திகள்" என்பார். அவளை "சோப்பு" என்று கூப்பிடுவார். அது ஒன்றுதான் அவர் புதிதாகக் கற்ற சொல்.

சில மாதமாகத்தான் அவளிடம் சிரிக்கத் தொடங்கியிருந்தார். அன்று காலையிலும் சிரித்தார். உடம்பு ஒன்று செய்தது, அவர் அதற்கு ஒன்று சொன்னார், அந்தக் கனத்த வாசிப்புக் குரலில். அவளால் நிற்க முடியவில்லை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சிரித்தாள். அவர் நாற்காலியில் வழுக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போது கதவு திறந்தது. அவருடைய மகள் நின்றிருந்தாள். கையில் பழப் பை. கைப்பிடியிலிருந்து விழுந்த துண்டு அவள் காலடியில் கிடந்தது.

இவ்வளவையும் கணவனிடம் சொல்லலாம். கடைசியில் அவர் என்ன சொன்னார் என்ற இடத்தில்தான் வந்து நிற்கும். அதைச் சொன்னால் எல்லாம் தெளிந்துவிடும், கணவனும் சிரித்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். பிறகு அவன் அதை எங்கெல்லாம் கொண்டுபோவான் என்பதும் தெரியும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிச் சாப்பிடும்போது கதை கதையாகச் சொல்பவன் அவன். ஒரு பெரிய அதிகாரி இருட்டில் பயந்துபோய் உள்ளேயே பேண்டை நனைத்துக்கொண்டதை அவன் நடித்துக் காட்டியபோது வீடே சிரித்தது. அவள் மட்டும் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள். அவன் கெட்டவன் இல்லை. கதவைத் திறந்துவிடுவது அவன் தொழில்.

"சொல்ல முடியாதுன்னா என்ன அர்த்தம்?" என்றான் இப்போது. குரல் ஏறியிருந்தது.

குரல் ஏறியதும் மேல்மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்துவிட்டாள். வீட்டிலேயே துணி தைத்து, அளவு திருத்திக் கொடுப்பவள். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் ஒரு குண்டூசி. குண்டூசியை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னடா சத்தம்? மழையில மேல வரைக்கும் கேக்குது."

"ஒண்ணுமில்ல அண்ணி" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்லாததுக்கு இவன் மூஞ்சி ஏன் தச்ச துணியப் பிரிச்ச மாதிரி இருக்கு?" தம்பி சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு நாடாவை விரலில் சுற்றினாள். "நானும் ஆம்பளைங்களுக்கு அளவெடுக்கறேன். இடுப்பு, தொடை எல்லாந்தான். ஒரு நாள் சிரிச்சிருப்பேனா? எடுத்தமா எழுதினமான்னு இருக்கணும்."

"உங்ககிட்ட வர்றவங்க சட்டையோட நிக்கறாங்க அண்ணி."

"அதத்தான் சொல்றேன். சட்டையில்லாம இருக்கறவர்கிட்ட இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். என்னதான் அப்படிச் சிரிப்பு? புருஷன்கிட்ட சொல்ல முடியாத சிரிப்பு?"

"வயசானவர் அத்தை" என்றாள் மகள்.

"வயசானா என்ன? நீ சும்மா இரு."

அரிசி கொதித்து மூடி தடதடத்தது. அவள் போய் மூடியைச் சாய்த்து வைத்தாள். ஆவி முகத்தில் அடித்தது. திரும்பி வந்து கணவனுக்கு எதிரே நின்றாள். இதைச் சொல்ல வேண்டாம் என்று கடைசி நொடி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க குழியில விழுந்து முதுகுல ஆபரேஷன் பண்ணப்ப, ஆஸ்பத்திரி பாத்ரூம்ல உங்கள யாரு குளிப்பாட்டினா?"

"நீதான். அதுக்கென்ன இப்ப?"

"முத நாள் குளிப்பாட்டறப்ப என்கிட்ட ஒண்ணு சொன்னீங்களே."

அவன் முகம் மாறியது.

"என்னடா சொன்னே?" என்றாள் நாத்தனார், உடனே முன்னால் நகர்ந்து.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தான். அன்று அவன் சொன்னது ஒரு வாக்கியம்தான். ஆனால் அது அக்காவின் காதில் விழுந்தால் அந்தக் கட்டடத்தில் அவன் மறுபடி நிமிர்ந்து மாடிப்படி ஏற முடியாது. இத்தனை நாளில் அந்த வாக்கியம் எங்கே இருக்கிறது என்று அவன் ஒருமுறைகூட யோசித்ததில்லை. எங்கேயோ போய்விட்டது என்று நினைத்திருந்தான்.

"சொல்லேன்மா, என்னதான் சொன்னான்? என்கிட்ட சொல்லாதது என்ன இருக்கு? நான் தூக்கி வளத்த பையன்."

அவள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் நீளமில்லை. அவனுக்கு மட்டும் நீளமாக இருந்தது.

"வலிக்குதுன்னு சொன்னாரு அண்ணி. வேற என்ன?"

"அவ்ளோதானா?" நாத்தனாரின் ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. "இதுக்கா இந்த பில்டப்பு? சின்ன வயசுல இருந்தே இவன் ஊசின்னா ஊரக் கூட்டுவான்." சற்று நேரம் இருந்துவிட்டு, ஒரு பாவாடைக்கு ஓரம் அடிக்க வேண்டும் என்று எழுந்து போனாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். எப்போதும் அந்த நேரத்தில் ஒரு லிஃப்ட் கதை வரும். மகள் அதற்காக இரண்டொரு முறை அவன் முகத்தைப் பார்த்தாள். அன்று வரவில்லை. கை கழுவப் போகும்போது அவன் மனைவியின் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனான்.

மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பாயில் படுத்த பிறகு அவளுக்குள் வேறொன்று குடைந்தது. கணவனின் வாயை அடைப்பதற்காக அவனுடைய ரகசியத்தைக் கத்தி போலக் காட்டினாள். வெட்டவில்லை. காட்டினாளே, அதற்கு என்ன பெயர்? அதுவும் அந்தச் சொல்லுக்குள்தான் அடங்குமோ? எவ்வளவு பெரிய பெட்டி அது. போன் அடிப்பது, கிழிந்த பேண்ட், செருப்பு, ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தது, ஒரு கிழவரோடு சிரித்தது, புருஷனை மிரட்டியது எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிடலாம். மூடிய பிறகு எல்லாம் ஒரே எடை.

காலையில் மழை விட்டிருந்தது. அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, "வண்டியில ஏறு" என்றான்.

"உங்களுக்கு இன்னிக்கு வேற பக்கம் வேலைன்னீங்க."

"பிரேக் இன்னொரு தடவை பாக்கணும்."

முந்தின நாள் சரிசெய்த பிரேக்கை மறுநாளே யாரும் பார்ப்பதில்லை. அவள் ஏறிக்கொண்டாள். வாசலில் காவலாளி டீயோடு நின்றிருந்தார். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அவசரமாக இன்னொரு டம்ளரைத் தேடினார்.

"டீ வேணாண்ணே" என்றான் அவன். "குடிச்சிட்டுத்தான் வந்தோம்."

மேனேஜர் அறையில் ரேடியோக்காரரின் மகள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர். நடு வயது. கையை மடியில் கோத்து வைத்திருந்தாள். எதையோ பிடித்துக்கொண்டிருப்பவள்போல விரல்கள் இறுகியிருந்தன.

"நீ ஒண்ணும் பெருசா சொல்ல வேணாம்" என்றார் மேனேஜர். அவருக்கு இந்த விஷயம் சீக்கிரம் முடிய வேண்டும். "என் நடத்தை இன்அப்ரோப்ரியேட்டா இருந்தது, வருந்தறேன்னு ஒரு வார்த்தை. டாக்டரும் விட்டுடுவாங்க. நீயும் வேலையப் பாக்கப் போலாம்."

"எந்த நடத்தை மேடம்?"

"அதான், எல்லாம்."

"ஒவ்வொண்ணா சொன்னா நல்லா இருக்கும்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "சத்தமா சிரிச்சது. பேஷண்ட் முன்னாடி வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்தது. அவர் கையப் புடிச்சிருந்தது."

"சிரிச்சது நெசம். தப்புன்னா சிரிச்சேன்னு எழுதுங்க, மன்னிப்புக் கேக்கறேன். வாளியில உக்காந்ததும் நெசம், ஸ்டூல் உடைஞ்சு போயி நாங்க எப்பவோ சொல்லியாச்சு. கை, அவர்தான் புடிச்சாரு. நாற்காலி வழுக்குது." அவள் நிறுத்தி மூச்சு விட்டாள். "நான் செஞ்சத எல்லாம் அதது பேரச் சொல்லி எழுதுங்க மேடம். அந்த ஒரு வார்த்தைய மட்டும் போடாதீங்க. இங்க சொல்றப்ப அது சின்னதா இருக்கு. எங்க வீட்டுப் படியேறி வர்றதுக்குள்ள பெருசாயிடுது."

மேனேஜர் மேசையைப் பார்த்தார். பல் டாக்டர் முதல்முறையாகப் பேசினாள்.

"எங்கப்பா என்ன சொன்னாரு?"

"எதும்மா?"

"நான் கதவுகிட்ட வந்தப்ப அவர் குரல் கேட்டுச்சு. பழைய குரல். ரேடியோக் குரல். அப்புறம் சிரிப்பு." கோத்த விரல்களைப் பிரித்தாள். "என்ன சொன்னாரு?"

"அவர்கிட்டயே கேளுங்களேன் டாக்டரம்மா."

"என்னைப் பாத்தா அவர் சுவர் பக்கம் திரும்பிக்கறாரு. வாராவாரம் வரேன். பழம் வாங்கிட்டு வரேன். டாக்டர்கிட்ட பேசறேன், மருந்து மாத்தறேன். ஒரு சிரிப்பு இல்ல. நேத்து அந்தக் கதவத் திறந்தப்ப எனக்கு என்ன வந்ததுன்னு எனக்கே தெரியல. வாயில வந்த வார்த்தை அதான்."

எதிரே இருந்தவள்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. இரக்கத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்ததை அவள் மறைக்க முடியவில்லை. பெற்ற மகளிடம் சிரிக்காதவர் தன்னிடம் சிரித்தார் என்ற நினைப்பு. அது இனிப்பாக இருந்தது. இத்தனை நாளும் அந்த இனிப்பைச் சுவைத்தபடிதான் அந்தக் குளியலறைக்குள் போய்க்கொண்டிருந்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது.

"இன்னிக்கு நான் குளிப்பாட்டறேன்" என்று பல் டாக்டர் திடீரென்று எழுந்தாள்.

"டாக்டர், வழுக்கும், உங்களுக்குப் பழக்கமில்ல..." என்றார் மேனேஜர்.

"இவங்க கூட நிக்கட்டும்."

குளியலறையில் ரேடியோக்காரர் மகளைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மடியில் அவள் துண்டைப் போட்டு மூடினாள். "பாதத்துல இருந்து ஊத்துங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு மூலைக்குப் போய் நின்றுகொண்டாள். பல் டாக்டர் வளையலைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மக்கில் தண்ணீர் மொண்டு, அப்பாவின் பாதத்தில் ஊற்றினாள். சோப்பை எடுத்தாள். சோப்பு நழுவி ஓடியது. பிடிக்கக் குனிந்தவள் குழாயைப் பற்றினாள். கைப்பிடி திரும்பிவிட்டது. மேலிருந்த ஷவர் திறந்துகொண்டு, முழுத் தண்ணீரும் அவள் தலையில் கொட்டியது. அவள் ஐயோ என்று கத்திக்கொண்டு குழாயை வேறு பக்கம் திருகினாள். அது இன்னும் பலமாகக் கொட்டியது.

மூலையில் நின்றவள் உதவிக்கு ஓரடி வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

ரேடியோக்காரர் சுவரிலிருந்து மெல்லத் திரும்பினார். முடி முகத்தில் ஒட்ட, துணியெல்லாம் சொட்டச் சொட்ட நிற்கும் மகளை மேலும் கீழும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"வானிலை அறிக்கை" என்றார், வீடு வீடாக ஒலித்த அந்தக் குரலில். "ஆங்காங்கே... கனமழை."

பல் டாக்டர் அப்படியே நின்றாள். முதலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மூலையில் இருந்தவளுக்குப் புரியவில்லை. அவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு குழாயை மூடினாள். காலி வாளி ஒன்றைக் கவிழ்த்து, காலால் பல் டாக்டரின் பக்கம் நகர்த்தினாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைப்பிடியில் தொங்கவிட்டாள். விழாமல் இருக்க ஒரு சுற்றுச் சுற்றினாள்.

தாழ்வாரத்தின் கடைசியில் லிஃப்டின் கதவு திறந்திருந்தது. அவள் கணவன் உள்ளே நின்று பொத்தான்களை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் வெளியே வந்தான்.

"என்ன ஆச்சு? என்ன சொன்னாங்க?"

அவள் விரலை உதட்டில் வைத்துக் கதவைக் காட்டினாள். அவன் துண்டைப் பார்த்தான். இத்தனை வருஷம் இந்தத் தாழ்வாரத்தில் வந்துபோகிறவன். அந்தத் துண்டைக் காயப்போட்டது என்றுதான் நினைத்திருப்பான். இப்போது கொஞ்ச நேரம் அதையே பார்த்தபடி நின்றான். பிறகு திரும்பிப் போய், அழைப்பு மணியைச் சோதிக்கக் கையில் எடுத்திருந்த கருவியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தான். பூட்ஸ் சத்தம் எழாமல் நடந்து வந்து அவளருகே சுவரில் சாய்ந்துகொண்டான்.

கதவு கையகலம் திறந்தது. ஈரக் கை ஒன்று வெளியே நீண்டது.

"காஞ்ச துண்டு ஒண்ணு குடுங்களேன். ரெண்டா குடுங்க, நானும் நனைஞ்சுட்டேன்." முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. "ஞாயித்துக்கிழமை நான் வரேன். மத்த நாளெல்லாம் நீங்கதான். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். அந்த வார்த்தைய நான்தான சொன்னேன், நானே எடுத்துடறேன்."

அவள் தாழ்வார அலமாரியிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்துக் கொடுத்தாள். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மறுபடி அந்தக் கனத்த குரல். என்ன சொன்னது என்று கதவுக்கு வெளியே தெளிவாகக் கேட்கவில்லை. சொல்லின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்டது. அடுத்த நொடி மகள் வாய்விட்டுச் சிரித்தாள், கூடவே அவரும் சிரித்தார்.

அவளுக்குள் ஏதோ சுருக்கென்றது. இன்னும் ஓரடி நெருங்கினால் கேட்டுவிடும். கதவைத் தொட்டால்கூடப் போதும். நேற்று இதே இடத்தில் பழப் பையோடு நின்றவளின் கை ஏன் அந்தக் கைப்பிடியைப் பிடித்தது என்று அவளுக்குத் தன் உள்ளங்கையில் தெரிந்தது. அந்தக் கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

கணவன் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். என்னவாம் என்று கேட்கும் புருவம். பழக்கம் சட்டென்று விடுவதில்லை.

"தெரியல" என்றாள்.

அவன் இந்த முறை அதை நம்பினான். உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.